வீடு தருவோர் ஊரையும் வளர்க்க வேண்டும்

(இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)



கூரையையும் நான்கு சுவர்களையும் கொடுத்துவிட்டால் வீடு தரும் நிறுவனத்தின் கடமை முடிந்துவிடுகிறதா என்பதே இவ்வுரையின் கேள்வியாகும். இங்கிலாந்தில் கவுன்சில் வீடுகளிலும், ஹவுசிங் அசோசியேசன் எனப்படும் வீடமைப்புச் சங்கங்களின் வீடுகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. வாடகை செலுத்துவதோடு அந்நிறுவனத்துடனான உறவு முடிந்துவிடுகிறது என்றே அவர்களில் பலர் எண்ணுகின்றனர். ஆனால் இச்சங்கங்களின் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது.

1862ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பீபொடி என்ற அமெரிக்க வங்கியாளர் இலண்டன் ஏழைகளுக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அதன் முதலாவது குடியிருப்பு 1864இல் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் எழுந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், ஜோன் ரஸ்கினின் பண உதவியுடன் ஒக்டேவியா ஹில் என்ற பெண்மணி மேரிலபோன் பகுதியில் சில பாழடைந்த வீடுகளைப் பொறுப்பேற்றார். வாடகை அறவிடுவதில் அவர் மிகக் கண்டிப்பானவர். ஆயினும் ஒவ்வொரு வீட்டின் பழுதுபார்ப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்கி, அதில் எஞ்சியதைக் குடியிருப்போரே விரும்பிக் கேட்ட வசதிகளுக்குச் செலவிட்டார். சிறுவர்களுக்கு விளையாட்டிடமும் அமைத்தார். குடியிருப்போர் செலுத்தும் வாடகையில் ஒரு பங்கு அவர்கள் விருப்பப்படியே அவர்களிடம் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அன்றே அங்கு முளைவிட்டிருந்தது.

அந்த எண்ணம் எவ்வளவு தூரம் வளரக்கூடும் என்பதற்குத் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள கொயின் ஸ்ட்ரீட் சான்றாகும். அங்கு பெரும் அலுவலகக் கட்டடங்கள் எழவிருந்ததை அப்பகுதி மக்கள் பல்லாண்டுகள் எதிர்த்து நின்றனர். 1984இல் அன்றைய பெருநகர் இலண்டன் மன்றம் 13 ஏக்கர் நிலத்தைப் பத்து இலட்சம் பவுண்களுக்கு அம்மக்களின் அமைப்பிடம் விற்றது. இன்று அங்கு குடியிருப்போரே நிர்வகிக்கும் கூட்டுறவு வீடுகள் உள்ளன. ஒக்சோ கோபுரக் கட்டடத்தின் கடைகளும் உணவகமும் செலுத்தும் வாடகை, பொதுப் பணிகளுக்குத் துணை நிற்கின்றது. 2007இல் திறக்கப்பட்ட சமூக நிலையத்தில் குழந்தைகள் பராமரிப்பும் நடைபெறுகின்றது.

எல்லாச் சங்கங்களுக்கும் இத்தகைய நிலம் வாய்ப்பதில்லை. எனினும் ஒவ்வொரு சங்கத்தின் கையிலும் செலவிடும் பணமும் வேலைவாய்ப்பும் உண்டு. பலவற்றிடம் பொது மண்டபங்களும் உண்டு. கூரை வேயவும் மின்னிணைப்புச் செய்யவும் ஒப்பந்தம் வழங்கும்போது, அவ்வூர் இளையோருக்குத் தொழிற்பயிற்சி இடங்கள் வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை மாலை வகுப்புகளுக்கும் முதியோர் ஒன்றுகூடலுக்கும் திறந்துவிடலாம். கடனில் தவிக்கும் குடும்பங்களுக்கு ஆலோசகரை நியமிக்கலாம். வாடகை நிலுவையும் வீடிழப்பும் குறைவதால், இச்செலவு சங்கத்திற்கும் நன்மையாகவே முடியும். பொது அமைப்புகள் சேவை ஒப்பந்தங்களை வழங்குமுன் அவற்றால் ஊருக்கு விளையக்கூடிய நன்மையைக் கருத்திற்கொள்ள வேண்டும் என 2012ஆம் ஆண்டின் சமூகப் பெறுமதிச் சட்டம் கூறுவதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆனால் மண்டபம் திறப்பதும் பயிற்சி அளிப்பதும் மட்டும் போதுமானவையல்ல. குடியிருப்போரின் குரலைக் கேளாத நிறுவனம் எதைச் செய்தாலும் அது வீணே. 2017 யூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 உயிர்கள் பலியாயின. தீ ஆபத்துக் குறித்துக் குடியிருப்போர் முன்னரே எச்சரித்திருந்தனர். 2020 டிசம்பரில், சூடானிலிருந்து வந்த பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இசாக் ரொச்டேல் நகரில் உயிரிழந்தான். வீட்டிலிருந்த பூஞ்சணமே அதற்குக் காரணம் என மரண விசாரணையில் தீர்ப்பானது. அவனது தந்தை 2017 முதலே முறையிட்டு வந்தவர். அக்குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, இங்கிலாந்தின் சமூக வீடுகளில் கடுமையான ஈரக்கசிவோ பூஞ்சணமோ முறையிடப்பட்டால் 10 வேலைநாட்களுக்குள் ஆராயப்பட வேண்டும்; உடனடி ஆபத்தாயின் 24 மணி நேரத்துள் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்.

சட்டம் வழி திறக்கலாம். அவ்வழியில் நடக்க வேண்டியவர்கள் குடியிருப்போரே. “வாயைத் திறந்தால் வீடு போய்விடும்” என்ற அச்சம் பல தமிழ்ப் பெற்றோரிடம் உண்டு. முறைப்பாடு செய்தமை, வீட்டைப் பறிப்பதற்கான சட்டக் காரணம் ஆகாது. சங்கத்தின் பதில் நிறைவளிக்காவிடின் வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனத்தின் முடிவுகளில் குடியிருப்போர் பங்குகொள்ள உண்மையான வாய்ப்பளிக்க வேண்டும் என 2024 ஏப்ரல் முதல் ஒழுங்காற்று விதிகள் வலியுறுத்துகின்றன.

சங்கத்தின் கடிதங்களைத் தாய் தந்தையருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று இளையோராக இவ்வவையில் இருக்கக்கூடும். அவர்களுக்கு மொழியும் தெரியும். வீட்டின் குறையும் தெரியும். குடியிருப்போர் குழுவில் அமர அவர்களைவிடத் தகுதியானவர் யார்? பெற்றோருக்கோ வேறொரு அனுபவம் உண்டு. ஈழத்துக் கிராமங்களில் சனசமூக நிலையங்களையும் வாசிகசாலைகளையும் ஊரவர் தம் உழைப்பாலும் சந்தாப் பணத்தாலும் நடத்தி வந்ததைக் கண்டவர்கள் அவர்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த குடியிருப்போர் கூட்டத்திற்கான அழைப்பு வரும்போது, தாயும் மகளும், தந்தையும் மகனும் இணைந்து செல்லட்டும். மண்டபத்தின் சாவி யாரிடம் உள்ளது, பயிற்சி இடங்கள் எத்தனை, முறைப்பாடுகளுக்கு எத்தனை நாளில் பதில் கிடைக்கிறது என்ற மூன்று கேள்விகளையேனும் கேட்கட்டும். அயலவர் எந்த நாட்டவராயினும் அவர்களுடன் சேர்ந்தே கேட்கட்டும். கேட்பவர் இருக்கும் இடத்தில்தான் கொடுப்பவரும் தம் கடமையை உணர்வர்.