வாடின கத்தரியும் ஒரு கிளாஸ் தண்ணியும்

(வீட்டுத்தோட்டம் செய்கிற குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



2022 இல் மரக்கறி விலை ஏறின நேரம் நம்ம லயங்களில் வாசலுக்கு வாசல் கத்தரி, தக்காளி, கறிமிளகாய் நட்டார்கள். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் செடி வாடிப் போகிறது என்பதுதான் இப்போது எல்லோருடைய முறைப்பாடும். "கண்ணூறு" என்கிறார் ஒருவர். "மேல் லயத்துக்காரங்க என்னமோ ஊத்திட்டாங்க" என்கிறார் இன்னொருவர். இந்தப் பேச்சால் இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும் நமக்குத் தெரியும். ஆளைக் குற்றம் சொல்லுமுன் செடியைப் பார்ப்போம்.

வெயிலில் வாடி, தண்ணி ஊத்தினதும் நிமிர்ந்தால் அது தாகம்தான். மண் ஈரமாக இருந்தும் வாடினால் தண்ணியை நிறுத்திவிட்டு, ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் கறுத்து அழுகியிருந்தால் பெரும்பாலும் தண்ணி தேங்கின கோளாறு. கான் வெட்டிவிட வேண்டும். மணி மணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சுப் புழு.

பொல்லாதது இன்னொன்று. இலை பச்சையாகவே இருக்கும். பகலில் தொங்கும், சாயந்தரம் நிமிரும். சில நாளில் நிமிராமலே போய்விடும். இது பக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். தண்டின் அடியில் இரண்டு அங்குலம் வெட்டி, கழுவி, தெளிந்த தண்ணி உள்ள கண்ணாடிக் கிளாஸில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். அசைக்க வேண்டாம். கொஞ்ச நிமிஷத்தில் வெட்டின இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளை நூல் இறங்கினால் அந்த நோயேதான். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர்கள் கண் நம்ம கண்ணைவிடக் கூர்மை.

நோய் பிடித்த செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. கடையில் எதை வாங்கி அடித்தாலும் காசுதான் போகும். மலையில் மீந்த மருந்தைக் கொண்டுவந்து அடிப்பது அதைவிட மோசம். பிள்ளைகள் சாப்பிடுகிற காய் அது.

தேயிலையில் போரியா வேர் நோய் வந்தால் என்ன செய்வது என்று உங்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. செத்த செடியோடு பக்கத்துச் செடியையும் தோண்டி, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எரித்து, குவாத்தமாலா புல்லோ மானா புல்லோ போட்டு மண்ணை ஆறவிடுகிறோம். துரையின் தேயிலைக்கு அவ்வளவு செய்கிற அதே கை, வீட்டுக் கத்தரியைப் பிடுங்கிக் கானில் வீசுகிறது! அந்தக் கான் தண்ணிதானே கீழ் லயத்துப் பாத்திக்குப் போகிறது? யாரும் ஒன்றும் ஊத்தத் தேவையில்லை, நோய் தானாகவே இறங்கிப் போகும்.

ஆகவே வேரோடு பிடுங்கி, பழைய உரப்பையில் போட்டு, கானுக்குத் தள்ளிக் கொண்டுபோய் எரியுங்கள். பசளைக் குழியில் போடாதீர்கள். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவுங்கள். அந்தப் பாத்தி நாற்றைச் சம்பந்தி கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கிருமி மண்ணில் வருஷக்கணக்காக இருக்கும்; அந்த இடத்தில் இரண்டு மூன்று வருஷத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு கூடாது. தானாக முளைக்கிற மணத்தக்காளியும் அங்கே வேண்டாம். போஞ்சி, சோளம், கோவா, லீக்ஸ் போடலாம். கத்தரி இல்லாமல் முடியாது என்பவர்கள் வேறு இடத்து மண்ணைப் பையில் நிரப்பி, கல்லின் மேல் தூக்கிவைத்து நடுங்கள்.

சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் பேசலாம். இல்லாவிட்டால் வாடின தண்டில் ஒரு துண்டைப் பையில் கட்டிக்கொண்டு நம்ம காரியாலயத்துக்கு வாருங்கள். கிளாஸும் தண்ணியும் நாங்கள் வைத்திருப்போம்.