வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியவர்களுள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் சிலராகவே இருந்திருப்பர். இன்று இம்மண்டபத்தில் அதிபர்கள், வங்கி முகாமையாளர்கள், செயலகப் பிரிவுகளின் தலைவிகள், மூத்த தாதியர், சொந்தமாகக் கடை நடத்துகிறவர்கள் எல்லோரும் இருக்கிறோம். லீவு கேட்டு நின்ற நாம் இன்று லீவு கொடுக்கும் இடத்திலும் இருக்கிறோம். அதனால்தான் இந்த விடயத்தை இங்கே பேச எடுத்துக்கொண்டோம்.

வைத்தியர்களாகிய நாங்கள் கிளினிக்கில் ஒரு நோயாளியைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பேரைக் காண்கிறோம். கதிரையில் இருப்பவர் நோயாளி. பின்னால் கொப்பியையும் மருந்துப் பையையும் பிடித்துக்கொண்டு நிற்பவர் மகள், அல்லது மருமகள். முருங்கனிலிருந்தோ நானாட்டானிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வந்திருப்பார். அவருடைய பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை. அவருடைய இரத்த அழுத்தத்தை யாரும் பார்ப்பதில்லை.

பாரிசவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது, "இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும்" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. அதைச் செய்யப் போகிறவர் காலை எட்டரை மணிக்கு அலுவலகத்தில் கையொப்பமிட வேண்டியவரா என்று நாங்கள் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். கைவிடப்பட்ட முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி செய்கிறது. நல்ல சட்டம்தான். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே எமது நாட்டில் நூறு பேரில் பன்னிரண்டு பேர் அறுபது வயதைத் தொட்டவர்கள். ஆனால் லீவுச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளை பெறுவதற்கு 84 நாட்கள் உண்டு. பெற்ற தாயைப் பார்ப்பதற்கென்று ஒரு நாளும் குறிக்கப்படவில்லை. கடையிலோ தனியார் அலுவலகத்திலோ வேலை செய்கிறவருக்கு 1954 ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 14 நாள் வருடாந்த லீவையும் 7 நாள் தற்செயல் லீவையும் வைத்தே அனைத்தையும் சமாளிக்க வேண்டும். கடமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அதைச் செய்வதற்கான நேரத்தைக் கொடுக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு வேறு அனுபவம் இருக்கும். அவுஸ்திரேலியாவில் நிரந்தர முழுநேர ஊழியருக்குத் தன் நோய்க்கும் குடும்பத்தவர் பராமரிப்புக்குமாக ஆண்டுக்கு 10 நாட்கள் சம்பளத்துடன் உண்டு. கனடாவில் மரணத் தறுவாயில் இருக்கும் ஒருவரைப் பராமரிக்க 26 வாரம்வரை வேலைக் காப்புறுதிப் பணம் பெறலாம். பிரித்தானியாவில் 2024 ஏப்ரலில்தான் பராமரிப்பாளருக்கு ஆண்டுக்கு ஒரு வார லீவு நடைமுறைக்கு வந்தது, அதுவும் சம்பளமில்லாமல். அங்கும் மெதுவாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் பொறுப்பில் இருப்பவர் செய்யக்கூடிய பலவற்றுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதை நாங்கள் பிழை விட்டே கற்றுக்கொண்டோம். நாங்கள் பொறுப்பாயிருந்த ஒரு விடுதியில், பத்து ஆண்டு அனுபவமுள்ள தாதி ஒருவர் இரவுக் கடமையைக் குறைத்துத் தரும்படி கேட்டார். தகப்பனாருக்கு மறதி நோய். இரவில் எழுந்து வீதிக்குப் போய்விடுவார். "எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு பிரச்சினை இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அடுத்தடுத்த மாதங்களில் அவர் சுகவீன லீவில் நின்றார், பிந்தி வந்தார், கடைசியில் வேலையை விட்டுவிட்டார். எங்களுக்கு ஒரு நல்ல தாதி இல்லாமற் போனார். அவருக்குச் சம்பளம் இல்லாமற் போனது. அவர் கேட்டது மாதத்தில் நான்கு இரவுகள் மட்டுமே.

அதன் பிறகு கடமை அட்டவணையை ஊழியர்களே கூடிப் பேசி எழுத விட்டோம். ஒருவருக்கு இரவு முடியாது. இன்னொருவருக்கு ஞாயிறு காலை முடியாது. தங்களுக்குள் அவர்கள் பொருத்திக்கொண்டார்கள்.

ஆகவே பொறுப்பில் இருக்கும் சகோதரிகளிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் யாரைப் பார்க்கிறீர்கள் என்று ஆண்டுக்கு ஒரு தடவையாவது தனியே அழைத்துக் கேளுங்கள். கிளினிக் நாள் முன்கூட்டியே கொப்பியில் எழுதப்படுகிறது; அதைப் பார்த்து அன்றைய வேலையை ஒழுங்கு செய்யுங்கள். முழு நாள் லீவு தேவைப்படாதவருக்கு இரண்டு மணித்தியாலம் கொடுங்கள். வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுக்க விடுங்கள். ஆண் ஊழியர் கேட்டால், "வீட்டில் பெண்கள் இல்லையா?" என்று கேட்காதீர்கள். மகனுக்கும் தாய்தானே. கேட்டவரைப் பதவி உயர்வு நேரத்தில் ஒதுக்கிவிடாதீர்கள்.

இருக்கிற ஆட்களே போதவில்லை என்பீர்கள். சிறுபோகத்துக்கு முன் கட்டுக்கரைக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். தண்ணீர் குறைந்த ஆண்டில் யாரும் கூட்டத்தைக் கைவிடுவதில்லை. அந்த ஆண்டில்தான் கூட்டம் கட்டாயம் தேவை. ஆள் குறைந்த அலுவலகமும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. நாங்கள் முதலாளிகள் இல்லையே என்று நினைக்கும் சகோதரிகளும் இங்கே இருக்கிறீர்கள். கனடாவிலிருக்கும் அக்காவும் லண்டனிலிருக்கும் தங்கையும் ஊரிலிருக்கும் நாமும் பங்கு போட்டுச் சம்பளம் கொடுத்து, அம்மாவைப் பார்க்க ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறோம். அவருக்கு நாம்தான் முதலாளி. கடை, அலுவலக ஊழியர் சட்டம் அவரைத் தொடுவதில்லை. அவருக்கும் நோயாளியான ஒரு தாயோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ இருக்கலாம். கிழமையில் ஒரு நாள் அவர் சம்பளத்துடன் வீட்டுக்குப் போய்வர, அன்றைக்கு இன்னொருவரை ஒழுங்கு செய்தால், சகோதரங்களுக்குள் பங்கிடும்போது அது பெரிய செலவாக வராது.

இன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது, "அம்மா சாப்பிட்டாவா?" என்று கேட்ட பிறகு, பார்க்கிற பிள்ளையிடம், "உன்ரை அம்மாவுக்கு இப்ப எப்படி?" என்றும் கேட்போம். கேட்டதோடு நின்றுவிடாமல் அவருடைய லீவு நாளையும் அப்போதே குறித்துக் கொடுப்போம்.