விடுமுறை யாத்திரை
(கூமாப்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவு)

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இவ்வூர் இளைஞர் ஒருவர் கைப்பேசி வாயிலாக வெளியிட்ட சிறு படங்களால் நம் கூமாப்பட்டியின் பெயர் நாடெங்கும் பரவிற்று. நீராட விரும்பித் தொலைவினின்றும் வந்தோர், பிளவக்கல் அணைகளில் இறங்கத் தடையுண்டென்றறிந்து மனம் வருந்தித் திரும்பினர். பெரியாறு, கோவிலாறு என்னும் அவ்வணைகள் நீராடுதுறைகளல்ல. வத்திராயிருப்புப் பக்கத்து வயல்களுக்கு அவையே உயிர். அப்பாலுள்ள மலைக்காடோ 2021 முதல் புலிகள் காப்பகம்.

ஆதலின், விடுமுறைக்குப் புதிய இடந்தேடும் நம் குடும்பத்தார், அவ்விடத்து நீர் எவருக்குரியது, எதுவரை செல்லலாம் என்பவற்றை முன்னரே வினவியறிதல் வேண்டும். வரப்போரம் நின்று நெற்பயிரையும் மலைத்தொடரையும் கண்டு மகிழ்வதும் யாத்திரையே. விருந்தினராய்ச் சென்றவிடத்துக் கிணற்றைக் கலக்கலாமோ? இதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.