எந்த மருந்து?

(போடியில் நடைபெற்ற பங்காளர் கூடுகையில் நமது ஆஸ்பத்திரி சாப்ளின் ஆற்றிய உரை)



இன்று ஒரே ஒரு வார்த்தையைக் குறித்துப் பேச விரும்புகிறோம். அது "மருந்து" என்ற வார்த்தை. காய்ச்சலுக்கு நம் ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. ஏலச் செடியில் பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் அடிப்பதும் மருந்து. மனம் உடைந்த ஒருவனை நள்ளிரவில் தூக்கி வருகிறவர்களும் "மருந்தைக் குடிச்சிட்டான், ஐயா" என்றுதான் அழுகிறார்கள். குணமாக்குவதற்கும் கொல்லுவதற்கும் நம் மக்கள் வாயில் ஒரே பெயர். பெயர் ஒன்றாயிருப்பதால் பயமும் குறைந்துபோயிற்று.

போடியிலிருந்து விடியுமுன் புறப்படும் ஜீப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் நம் சகோதரிகள் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஏலச் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், அதன் காய் பிடிப்பது தூரின் அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில். மருந்தும் அந்தச் சரத்தின்மேல்தான் அடிக்கப்படுகிறது. காய் எடுக்கிற பெண் அதனருகே குனிந்து, கையால் சரத்தைத் தடவித் தடவி எடுக்கிறாள். அதே கையால் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுகிறாள். இலையின் ஈரம் சேலையில் பட்டு, சேலையோடு வீட்டுக்கும் வருகிறது.

எங்கள் குறை ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்படி வேலைக்குப் போகிற ஒரு தாய் தலைவலி, மயக்கம், வாந்தி என்று எங்களிடம் வந்தார். "வெறும் வயிற்றோடு ஜீப் ஏறாதே அம்மா" என்று புத்தி சொல்லி, ஜெபித்து அனுப்பினோம். மறுபடியும் வந்தார், மறுபடியும் ஜெபித்தோம். மூன்றாம் முறை வந்தபோது, பயிற்சியிலிருந்த இளம் நர்ஸ் ஒருவர்தான், "அக்கா, காட்டுல எப்ப மருந்து அடிச்சாங்க?" என்று கேட்டார். "நேத்து அடிச்சாங்க, இன்னைக்குக் காய் எடுத்தோம்" என்று பதில் வந்தது. எத்தனையோ ஆண்டுகள் இம்மலையடிவாரத்தில் ஊழியம் செய்தும் அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவில்லை. ஜெபம் கேள்விக்கு மாற்று அல்ல என்பதை அன்று ஒரு பிள்ளையிடம் கற்றுக்கொண்டோம்.

டாக்டர் அவரிடம், "இனிமேல் அந்த வேலைக்குப் போகாதீர்கள்" என்றார். அந்தத் தாய் எங்கள் பக்கம் திரும்பி, "நான் போகலைன்னா ஜீப்புல இன்னொருத்தி ஏறிருவா, ஐயா. எம்புள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. "உன் உடல்நலம் உன் கையில்" என்று மேடையில் சொல்லுவது எளிது. கூலியை விட முடியாதவளிடம் அதை மட்டும் சொன்னால் அது பாரத்தின்மேல் பாரம்.

ஆனாலும் அவர் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. அன்று முதல் இவ்விதமாய்ச் சொல்லிக் கொடுக்கிறோம். முதலாவது, எந்த மருந்து, எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். டப்பாவின் லேபிளில் ஒரு சாய்சதுரமும் அதற்குள் ஒரு நிறமும் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. 1971ஆம் ஆண்டு பூச்சி மருந்து விதிகள் இந்த அடையாளத்தைக் கேட்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். ஆனால் பச்சை என்றால் குடிதண்ணீர் என்று அர்த்தமல்ல.

இரண்டாவது, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீடு வந்ததும் குளித்து, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். காட்டுத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

மூன்றாவது, காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பீகாரில் 2013 ஜூலையில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் மாண்டார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது. அந்த மருந்து இருந்த டப்பாவிலேயே எண்ணெயை வைத்திருந்ததாக விசாரணையில் தெரியவந்தது.

நான்காவது, யாராவது மயங்கி விழுந்தால் உடையைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் விட்டு உடம்பைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கண்மணி சுருங்கி, எச்சில் ஒழுகி, வியர்த்துக் கொட்ட வைக்கும் பூச்சி மருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி உண்டு. எல்லா விஷத்துக்கும் அது உதவாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. ஆகவேதான் டாக்டர் முதலில் "எந்த மருந்து?" என்று கேட்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு, வந்த நோயெல்லாம் விஷத்தால்தான் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. புற்றுநோய் வார்டில், "அந்த மருந்தாலதான் இது வந்துச்சா, ஐயா?" என்று கேட்கிறார்கள். ஒரு தனி மனிதனைக் காட்டி இதனால்தான் வந்தது என்று டாக்டராலும் பெரும்பாலும் சொல்ல முடியாது. உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள் என்கிறோம். உடம்பிலுள்ள நஞ்சை எடுக்கிறோம் என்று விற்கிற பொட்டலங்களுக்குக் கடன் வாங்காதீர்கள் என்றும் சொல்லுகிறோம். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலைக்காகவே படைக்கப்பட்டவை. அதே நேரத்தில், வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த நஞ்சு ஒன்று பலருடைய சுருக்குப்பையிலேயே இருக்கிறது. வெற்றிலையோடு போடுகிற புகையிலைதான் அது. அதை விடுவதற்கு முதலாளியின் அனுமதி வேண்டியதில்லை.

தனி ஆளால் ஆகாததைச் சட்டம்தான் செய்ய வேண்டும். கேரள அரசு 2011இல், மோனோகுரோட்டோபாஸ், பாராகுவாட் உட்படப் பல மருந்துகளைத் தடை செய்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களைச் சுற்றியிருந்த குடும்பங்களின் கண்ணீருக்குப் பின், அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நாடு முழுவதும் நிறுத்தியது. இலங்கை இன்னும் முந்திக்கொண்டது. மிகக் கொடிய சில மருந்துகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும் விலக்கியது. அடுத்த 10 ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கைக்கெட்டும் இடத்தில் கொடிய விஷம் இல்லாதபோது, மனம் உடைந்தவனுக்கு மறுநாள் ஒன்று கிடைக்கிறது. அந்த மறுநாளில்தான் எங்களைப் போன்றவர்கள் அவன் பக்கத்தில் உட்கார முடிகிறது.

பங்காளர்களே, நமக்கும் இதில் பங்கு உண்டு. காய் பச்சையாய் இருக்க வேண்டும், ஒரு சொறியும் இருக்கக் கூடாது என்று பொறுக்கி வாங்குகிறோம். பேன் சொறி விழுந்த காய்க்கு ஏலத்தில் விலை குறைவு. அதற்குப் பயந்துதான் தோட்டக்காரர் மறுபடியும் மருந்து அடிக்கிறார். நம் பாயசத்தின் வாசனைக்குப் பின்னால் குனிந்திருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாய் இன்னும் வேலைக்குப் போகிறார். சில மாதங்களுக்கு முன், மருந்து அடித்த இடத்தில் மயங்கி விழுந்த ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். டாக்டர் வாயைத் திறக்குமுன், சுருக்குப்பையிலிருந்து மடித்து வைத்த லேபிளை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் பிழைத்து வீடு திரும்பினார்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை கட்டிலுக்கும் ஊசிக்கும் மட்டுமல்ல, அந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுப்பதற்கும் செலவாகிறது. தொடர்ந்து எங்களைத் தாங்குங்கள். நாங்கள் ஜெபிக்கவும், ஜெபிக்குமுன் கேட்கவும் மறவாதபடி எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

தேவன் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.