எண் பலகை எவர் படிப்பதற்கு?



ஊரை விட்டு வெளியே வந்து வாழும் நம்மவர்க்குத் தாய்மொழியின்மீது பற்று ஒரு பங்கு மிகுதியாகவே இருக்கும். வாசலிற் போடும் கோலமும் சுவரிலே தொங்கும் தமிழ் நாட்காட்டியும் அந்தப் பற்றின் அடையாளங்களே. ஆயினும் அப்பற்றைக் காட்டலாகாத இடம் ஒன்று உண்டு. அதுதான் வாகனத்தின் எண் பலகை. இதனை நாம் பட்டே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம்முடைய ஸ்கூட்டர் திருச்சியிலிருந்து ரயிலேறித் தில்லி வந்து சேர்ந்தது. அனுப்பி வைத்த தமையனார் மகன், நம்மை மகிழ்விக்கக் கருதி, பதிவு எண்ணைத் தமிழ் இலக்கங்களில் அழகுற எழுதுவித்திருந்தான். மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்? பத்தாம் நாள், ஒரு நாற்சந்தியிலே காவலர் நம்மை நிறுத்தினார். ககரம்போல் இருப்பது ஒன்று, எகரம்போல் இருப்பது ஏழு, அகரம்போல் இருப்பது எட்டு என்று விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, தாங்கள் ஒருவரை இடித்துவிட்டுப் போனால், கீழே விழுந்தவர் எந்த எண்ணை என்னிடம் சொல்லுவார்?" என்றார். அபராதச் சீட்டைக் காட்டிலும் அந்தக் கேள்வியே நமக்கு உறைத்தது.

இதில் நமக்கு வெட்கமும் உண்டு. சட்ட வாசகங்களைத் தமிழாக்குவதே நம் உத்தியோகம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, வாகனம் பதிவு செய்யப்பட்டிருந்தால் மட்டும் போதாது, பதிவுக் குறியை 'விதிக்கப்பட்ட முறையில்' தாங்கியிருக்கவும் வேண்டும் என்கிறது. அந்த இரு சொற்களின் கனத்தை நாம் தெருவிலேதான் கற்றோம்.

விதிக்கப்பட்ட முறை யாது? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50ஆம், 51ஆம் விதிகள் அதனைக் கூறுகின்றன. எழுத்து ஆங்கிலத்திலும், இலக்கம் நாம் அன்றாடம் வழங்கும் 1, 2, 3 என்ற வடிவிலும் இருத்தல் வேண்டும். காரில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர்; கனம் 10; இடைவெளி 10. மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் எழுத்து 35, இலக்கம் 40 மில்லிமீட்டர். சொந்த வாகனத்திற்கு வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து. வாடகை வாகனத்திற்கு மஞ்சளில் கருப்பு. மின்சார வாகனமாயின் பச்சைப் பலகை. 8055 என்பதை வளைத்தெழுதி ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று படிக்கச் செய்வதும், பலகையிலே சாதிப் பெயரையும் கட்சிக் கொடியையும் தீட்டுவதும் இம்முறைக்குப் புறம்பானவை.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமாயிற்று. அலுமினியத் தகடு, அசோகச் சக்கரம் பொறித்த ஹோலோகிராம், லேசரால் செதுக்கிய நிரந்தர வரிசை எண், கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு ஆகியவை அதன் அங்கங்கள். பழைய வாகனங்களுக்கும் பல மாநிலங்கள் இதனை விரித்துள்ளன. காரணம் எளிது. திருடிய வண்டியில் பிறருடைய எண்ணை மாட்டி ஓட்டுபவன் செய்யும் குற்றத்திற்கு, ஏதுமறியாத உரிமையாளர் வீட்டுக்கு அபராத அறிவிப்பு வருகிறது. சில வேளை காவலரே வருகின்றனர். அத்தகைய அறிவிப்பு வந்தால், அதிலுள்ள படத்தை நம் வாகனத்தோடு ஒப்பிட்டு, உடனே எழுத்து மூலம் புகார் செய்தல் நலம்.

தண்டனையைப் பார்ப்போம். பொதுவான பிழைகளுக்குரிய 177ஆம் பிரிவின்படி முதன்முறை 500 ரூபாய் வரையிலும், மறுமுறை 1,500 ரூபாய் வரையிலும் அபராதம். ஆனால் முன்கூறிய 39ஆம் பிரிவை மீறியதாகக் கொண்டால் 192ஆம் பிரிவு பாயும். அப்போது முதன்முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. மறுமுறை 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அங்கேயே செலுத்தித் தீர்க்கும் தொகையை மாநிலங்கள் நிர்ணயிப்பதால் அது ஊருக்கு ஊர் வேறுபடும். ஓட்டியவர் மட்டுமன்றி, ஓட்ட இசைந்த உரிமையாளரும் பொறுப்பாளியே.

வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. வாகனம் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வேறு மாநிலத்தில் இருக்குமாயின், 47ஆம் பிரிவின்படி அங்கே புதிய பதிவு எண்ணுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். அதற்கு முன் சொந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் 28ஆம் படிவத்தின் வாயிலாகத் தடையின்மைச் சான்று பெறவேண்டும். அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர்க்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியர்க்கும் 2021இல் 'பி.எச்.' என்னும் பாரத வரிசை வந்துளது. அதனைப் பெற்றோர் ஊர் மாறும்போது எண் மாற்ற வேண்டுவதில்லை.

நாம் அப்பலகையைக் கழற்றி முறையான பலகையை மாட்டினோம். தமிழ் இலக்கம் எழுதிய பழைய தகடு இன்றும் நம் புத்தக அலமாரியின்மேல் இருக்கிறது. நம் வீட்டினர் அதனைத் தடையின்றிப் படிக்கின்றனர். தெருவிலுள்ள பலகையோ நமக்காக எழுதப்பட்டதன்று. நம்மால் துன்புறக்கூடிய அயலார் ஒருவர் ஒரு நொடியில் படித்து நினைவில் கொள்வதற்காக எழுதப்பட்டது. அந்த அயலாருக்குப் புரியும் எழுத்திலே அதனை வைத்திருப்பதே முறை.