அப்பா பெயர்தான் நம் குடும்பப் பெயர்



இந்த மண்டபத்துக்கு எந்தச் சாலை வழியாக வந்தீர்கள்? ஜாலான் துன் சம்பந்தன். முன்னே அது பிரிக்பீல்ட்ஸ் சாலை. நம் சுதந்திரகாலத் தலைவர் வீ. தி. சம்பந்தன் என்பதில் ‘வீ’ தகப்பனார் வீராசாமி, ‘தி’ திருஞான. சாலைப் பலகையில் நிற்பது குலப்பெயரா? இல்லை. 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த குழந்தைக்கு வீட்டில் வைத்த பெயர்!

அந்தப் பெருமை இருக்கட்டும். கிள்ளானிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு என்ன நடக்கிறது? படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். அப்பா பெயரை எழுதுகிறான். வகுப்பில் அவனை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள், அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தத் தொல்லை வேண்டாம் என்று, பிறக்கிற குழந்தையின் பத்திரத்திலேயே சாதிப் பட்டத்தை ஒட்டிவிடலாமா என்று சில பெற்றோர் யோசிக்கிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் பேச வந்தேன்.

பட்டங்களும் நம்மோடு கப்பலேறி வந்தவைதான். 1873இல் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவியவர் தம்புசாமிப் பிள்ளை. லெபோ அம்பாங்கில் வட்டிக்கடை நடத்திய நகரத்தாரைச் செட்டியார் என்றோம். ஆனால் கடை நடந்தது செட்டியார் என்ற சொல்லாலா? விலாசத்தால்! பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசம். அதைப் பார்த்துத்தான் ஊர்விட்டு ஊர் பணம் நகர்ந்தது. அவர்களுக்கே பட்டத்தைவிட முன்னோர் பெயர்தான் நாணயம்.

இனி நம் கதைக்கு வருகிறேன். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டி வந்த கூட்டம் நாம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாய் நிற்க வேண்டும். கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பிரித்து வாசிப்பார்: முனியாண்டி, அங்கம்மா, வீராயி. ஒற்றைப் பெயர். கூலிக் கணக்குக்கு அது போதும். நாம் குடியிருந்த லயத்தில் சாதி இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கல்யாணத்தில் இருந்தது, திருவிழாவில் யார் தேரைத் தொடலாம் என்பதிலும் இருந்தது. ஆனாலும் அந்த ஏட்டில் முனியாண்டி முனியாண்டிதான்.

1929 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தை விடுங்கள் என்று தீர்மானம் போட்டது. அதற்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியன் தம் பெயரிலிருந்த நாடாரை விட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அந்த இயக்கத்தின் தலைவர் பெரியார் மலாயாவுக்கு வந்தார். பால்மரக் காட்டுத் தொழிலாளியும் அந்தப் பேச்சைக் கேட்டான். தமிழ்நாட்டில் அரும்பாடுபட்டு உதிர்த்ததை இங்கே நாம் ஒரு படிவத்தின் கட்டத்துக்காகப் பொறுக்கி எடுப்பதா?

அப்பா பெயர் முறை நமக்கு ஏற்கெனவே உண்டு. 1948இல், மலாயாவின் அவசரகாலத்தில், அடையாள அட்டை வந்தது. இன்று அந்த அட்டையில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று இருக்கிறது. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயர் இது. நம் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மனிதர்.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏ/எல்லுக்குப் பின்னால் எந்தத் தாயின் பெயரும் வருவதில்லை. பால்வாளி சுமந்து என்னை ஆளாக்கிய பாட்டியின் அம்மா பெயர் என்ன? எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றியபோது பாட்டி இல்லை. இந்த வயதிலும் அது என்னை உறுத்துகிறது.

உங்களில் பலர் வீட்டில் பாட்டி இருக்கிறார். வாசல் மேசையில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள். இன்றிரவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய அம்மா பெயரிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.