கன்னியர் மடம்: சுவர்களுக்கா, உறைவோருக்கா?



மொழி பற்றிய உரை வரிசையில் கட்டடச் சீரமைப்பு எங்ஙனம் இடம்பெற்றது என்று சிலர் வினவக்கூடும். ஒரு சொல்லின் பொருள் மாறும்போது, அச்சொல் முன்னர்க் குறித்த மனிதர் நம் கருத்திலிருந்து மறைந்துவிடுவதுண்டு. அவ்வாறு மனிதரை மறைத்த ஒரு சொல்லை இன்று எடுத்துக்கொள்கின்றோம். அது 'கான்வென்ட்'.

'பிள்ளை கான்வென்டில் படிக்கிறாள்' என்று பினாங்குத் தமிழர் இல்லங்களில் கூறினால், அது பள்ளியையே குறிக்கும். தமிழ்நாட்டிலோ, நடத்துவோர் எச்சமயத்தவராயினும், ஆங்கிலவழிப் பள்ளி கான்வென்ட் ஆகிவிடுகிறது. இச்சொல்லின் மூலமாகிய இலத்தீனச் சொல்லுக்கு 'ஒன்றுகூடுதல்' என்பது பொருள். அது ஒன்றுகூடி வாழும் துறவியரைக் குறித்தது. பின்னர் அவர்தம் உறைவிடத்தைக் குறித்தது. நம்மிடம் வந்தபோது பள்ளியாயிற்று. பொருள் மாறுவது மொழியின் இயல்பு; அதில் குற்றமில்லை. ஆயினும் அம்மாற்றத்தில் உறைவோர் விடுபட்டனர். தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 'கன்னியர் மடம்' என்னும் தொடரை நோக்குக. அதில் கன்னியர் முன் நிற்கின்றனர். கட்டடம் பின் நிற்கிறது. சீரமைப்புக்கும் இந்த வரிசையே பொருந்தும் என்பது நம் கருத்து.

நம் தீவிலுள்ள சான்று லைட் தெருக் கன்னியர் மடம். குழந்தை இயேசு சபை அருட்சகோதரியர் 1852இல் பிரான்சிலிருந்து பினாங்குக்கு வந்தனர். 1859இல் பழைய ஆளுநர் மாளிகையையும் அதன் நிலத்தையும் வாங்கினர். அன்று முதல் அவ்வளாகம் பள்ளியாகவும், ஆதரவற்ற சிறுமியர்க்கு இல்லமாகவும், துறவியரின் உறைவிடமாகவும் விளங்கியது. சப்பானியர் ஆட்சியில், 1943இல் பிடிபட்ட 'கிரெனடியர்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகள் அங்கு அடைக்கப்பட்டனர். அவர்கள் சுவரில் கீறிய எழுத்துகள் இன்றும் பேணப்படுகின்றன. சபையார் அவ்விடத்தைத் திரும்பப் பெறவுள்ளனர் என்னும் செய்தி 2017இல் வெளிவந்தபோது, முன்னாள் மாணவியர் மிகவும் வருந்தினர். அவ்வருத்தம் நேர்மையானது. ஆனால் நாம் கலந்துகொண்ட உரையாடல்களில் பள்ளியைப் பற்றியும் மரபுடைமை பற்றியும் பேசினோமேயன்றி, சகோதரியர் எங்கு, எவ்வாறு முதுமையைக் கழிப்பர் என்று ஒருவரும் வினவவில்லை. நாமும் வினவவில்லை.

இதே சபையார் 1854இல் சிங்கப்பூரில் தொடங்கிய மடத்தின் கதை நமக்குப் பாடமாகும். அங்கு எழுந்த சிற்றாலயம் 1904இல் நிறைவுற்றது. 1983இல் சகோதரியர் வெளியேறினர். 1996இல் அவ்வளாகம் 'சைம்ஸ்' என்னும் பெயரில் உணவகங்களும் விருந்து மண்டபமும் கொண்ட இடமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் அழகுறக் காக்கப்பட்டது, உறைவோரோ இல்லை. பழைய கோவாவிலுள்ள புனித மோனிக்கா மடத்தின் கதை வேறு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அம்மடம், இடையில் துறவியரின்றி வெறுமையுற்றது. எனினும் 1964 முதல் அருட்சகோதரியர் இறையியல் பயிலும் நிறுவனம் அங்கு இயங்கலாயிற்று. ஒரு பகுதியில் கிறித்தவக் கலை அருங்காட்சியகமும் அமைந்தது. காட்சிக்குரியதும் வாழ்வுக்குரியதும் ஒரே கூரையின்கீழ் இயலும் என்பதற்கு இது சான்று.

ஒரு நிகழ்ச்சியைக் கூற விழைகின்றோம். பல்லாண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரிலுள்ள பழைய மடமொன்றில், நமக்குக் கற்பித்த முதிய சகோதரி ஒருவரைக் காணச் சென்றோம். அவர் மேல்மாடியில் இருந்தார். சிற்றாலயம் கீழே இருந்தது. படிகள் செங்குத்தானவை, தேக்குமரக் கைப்பிடியோ வேலைப்பாடு மிக்கது. அப்படியில் கை வைக்கலாகாது, அது மரபுடைமை என்று கூறிவிட்டார்களாம். அவர் சாளரத்தருகே அமர்ந்து, கீழிருந்து வரும் வழிபாட்டுப் பாடலுக்கு மெல்ல உதடசைத்துக்கொண்டிருந்தார். 'படி நன்றாயிருக்கிறது, தம்பி. கால்தான் நன்றாயில்லை' என்று கூறிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரைக் கீழே கொண்டுவருவதற்கு அப்படியை இடிக்க வேண்டியதில்லை. கட்டடத்தின் பின்புறம், சுவருக்கு வெளியே, தனித்த சட்டகத்தில் மின்தூக்கியை நிறுவலாம். பின்னொரு காலத்தில் தேவையில்லையெனில், பழஞ்சுவர்க்குப் பெருங்கேடின்றி அகற்றலாம். சிறுமியர் உறங்கிய நீண்ட கூடத்தை, மேற்கூரையைத் தொடாத மெல்லிய தடுப்புகளால் சிற்றறைகளாக்கலாம். அறைதோறும் குளியலறை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, வாயிலில் சாய்தளம், சுவரில் பிடிமானக் கம்பி ஆகியவை ஆடம்பரமல்ல.

சுவரைச் சரிவரப் பேணுவதும் உறைவோர்க்கு நன்மையே. பழைய செங்கற்சுவர் ஈரத்தை ஈர்த்து வெளிவிடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு இடமளிக்கும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கும், உப்புப் பூக்கும், காறை உதிரும். நம் தீவின் மழையில் இது விரைந்து நிகழும். ஈரச்சுவருக்கு அருகில் படுத்திருக்கும் முதியவரின் மூச்சுக்கும் அது கேடு. ஆகவே மரபுடைமையும் நலவாழ்வும் பகையல்ல.

இவ்வூரின் கெக் லோக் சி கோவிலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அங்குத் துறவியர் வாழ்கின்றனர்; கட்டடங்கள் வளர்கின்றன; குன்றின்மேல் குவான் யின் சிலையைக் காணச் செல்வோர்க்குச் சாய்வு மின்தூக்கி உண்டு. அதனால் அக்கோவிலின் தொன்மை குன்றியது என்று எவரும் கூறுவதில்லை. வழிபடுவோர்க்கு நாம் அளிக்கும் வசதியை, உள்ளே வாழும் முதியோர்க்கு மறுப்பது முறையன்று.

தமிழில் 'திருப்பணி' என்றொரு சொல் உண்டு. வழிபாடு தொடர்வதற்காகவே கோயிலைப் புதுப்பிக்கின்றோம், காட்சிப்பொருளாக்குவதற்கு அன்று. கன்னியர் மடங்களின் சீரமைப்பும் அத்தகைய பணியாதல் வேண்டும். வரைபடம் தீட்டுமுன் கட்டடக் கலைஞர், அங்கு உறங்குவோர் யார், படியேறுவோர் யார், இரவில் எழுவோர் யார் என்று சகோதரியரிடமே கேட்டறிதல் வேண்டும்.

'கான்வென்ட்' என்னும் சொல்லை இனிக் கேட்கும்போது, பள்ளி மணியோசையோடு, சாளரத்தருகே அமர்ந்திருக்கும் ஒரு முதியவரையும் நினைவுகூர்வோமாக.